வாங்கிய நூலும் வாசித்த நூலும்: பற்று பற்றிய ஒரு பழைய கேள்வி

ஆர்வமுள்ள வாசகர் ஒருவரின் மாதக் கணக்கில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று அந்த மாதம் வாங்கிய நூல்கள். மற்றது படித்து முடித்தவை. ஆங்கில நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 2003 முதல் ‘தி பிலீவர்’ என்னும் அமெரிக்க இதழில் எழுதிய பத்தி இந்த இரு பட்டியல்களோடுதான் தொடங்கும். பெரும்பாலான வாசகர்களிடம் முதல் பட்டியல் நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த வீடுகளில் அந்த இடைவெளி அடுத்த ஜனவரி வரையிலும் அடைபடுவதில்லை.

இந்த இடைவெளியை எப்படி எடுத்துக்கொள்வது? அறிவின் மேலுள்ள தாகம் என்பதா, பொருளின் மேலுள்ள ஆசை என்பதா? இது சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. பொன்னும் நிலமும் பற்று என்று துறவியை விலக்கிவைத்த மரபுகளுக்கு நூல் மட்டும் சிக்கலாகவே இருந்தது. பற்றை விடச் சொல்வதே நூல்தான்; அந்த நூலின் மேல் பற்று வைக்கலாமா? இதற்குக் கிடைத்த பதில்களை வரிசையாகப் பார்த்தால், வாசகர் மேல் மூன்று குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டிருப்பது தெரிகிறது: பகட்டுக்காக வாங்குகிறார், உடைமை சேர்க்கிறார், படிப்பிலேயே சிக்கிக்கொள்கிறார். மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பகட்டு பற்றிய குற்றச்சாட்டே எளியது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஸ்டோயிக் மெய்யியலர் செனெக்கா இதை இரண்டு இடங்களில் எழுதுகிறார். லூசிலியசுக்கு எழுதிய கடிதங்களில், நூல்கள் மிகுந்தால் மனம் சிதறும், படிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வைத்திருந்தால் போதும் என்பது அவர் அறிவுரை. மன அமைதி பற்றிய உரையாடலில் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். கூரை தொடும் அலமாரிகளை நிரப்பிவிட்டு, அவற்றிலுள்ள நூல்களின் பெயர்களைக்கூட வாழ்நாளில் படித்து முடிக்காத செல்வர்கள் அங்கே கண்டனத்துக்கு உள்ளாகிறார்கள். அலெக்சாந்திரியாவில் எரிந்துபோன நூல்களுக்காகவும் அவர் இரங்கவில்லை. அது கல்விக்காகச் சேர்த்ததல்ல, காட்சிக்காகச் சேர்த்தது என்கிறார். அடுத்த நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், விலையுயர்ந்த சுவடிகளை வாங்கிக் குவித்தும் ஒன்றையும் விளங்கிக்கொள்ளாத ஒருவரைத் தாக்கித் தனிக் கட்டுரையே எழுதினார்.

தமிழில் இந்தக் கண்டனம் நாலடியாரில் இருக்கிறது. சமண முனிவர்கள் பாடியதாக மரபு கூறும் அந்த நூலின் ஒரு வெண்பா, வீடு நிறைய நூல்களைத் தொகுத்தும் அவற்றின் பொருளறியாதவர்களைப் பற்றிப் பேசுகிறது. நூல்களைப் பேணிவைப்பவர்கள் ஒரு வகை, பொருளுணர்ந்து பிறர்க்குத் தெளிவிப்பவர்கள் வேறு வகை என்று அது பிரிக்கிறது. ஓலையில் எழுதி நூல் செய்த காலத்திலேயே இப்படிச் சேர்த்துவைப்பவர்கள் பாடலில் கண்டிக்கத்தக்க அளவுக்கு இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நாலடியாரின் பார்வை செனெக்காவினுடையதைவிட நியாயமானது. பேணுபவரை அது வீணர் என்று தள்ளவில்லை. இன்னொரு வகையினர் என்றே சொல்கிறது. செல்லரிக்காமல் ஒரு தலைமுறை காத்துவைத்த ஓலையைத்தான் அடுத்த தலைமுறைப் புலவர் படித்துப் பொருள் சொல்ல முடியும்.

எப்படியிருந்தாலும் பகட்டுக் குற்றச்சாட்டு உண்மையான வாசகரைத் தொடுவதில்லை. அவர் காட்டுவதற்காக வாங்குவதில்லை. படிக்கத்தான் வாங்குகிறார், முடியாமல் போகிறது. அவரைத் தொடுவது இரண்டாவது குற்றச்சாட்டு.

நூலும் உடைமைதான் என்ற எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் சமணர்கள். ஐந்து பெரு நோன்புகளில் ஒன்று பொருள் வைத்திராமை. வடநாட்டுச் சுவேதாம்பரப் பிரிவின் துறவியருக்கான பழைய ஒழுக்க நூல் உரைகள், நூல் வைத்திருக்கும் துறவிக்குக் கழுவாய் விதிக்கின்றன. எத்தனை முறை சுவடியை அவிழ்த்தாரோ, எத்தனை முறை கட்டினாரோ, எத்தனை எழுத்து எழுதினாரோ, அத்தனை முறை கழுவாய். இதற்குப் பொருள் வைத்திராமை மட்டும் காரணமல்ல. ஏட்டு இடுக்குகளில் வாழும் சிற்றுயிர்கள் நசுங்கும் என்ற கொல்லாமை அச்சமும் சேர்ந்தே இருந்தது. சுமையோடு நடந்தால் ஊர் ஊராகச் செல்லும் துறவு வாழ்க்கை கெடும், கையில் ஏடு இருந்தால் நெஞ்சில் பாடம் நிற்காது என்ற எண்ணங்களும் இருந்தன. மறைநூல் முழுவதும் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்குச் சென்றால் போதும் என்பதே அந்த நிலைப்பாடு.

அந்த நிலைப்பாடு நீடிக்கவில்லை. பஞ்சங்களில் பாடமறிந்த துறவியர் இறந்தபோது அவர்களோடு பாடமும் போனது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சௌராட்டிரத்து வல்லபியில் தேவர்த்திகணி தலைமையில் கூடிய அவை, எஞ்சியிருந்த மறைநூல்களை எழுத்தில் பதிப்பதென்று முடிவு செய்தது. அதற்குப் பின் மேற்கிந்தியச் சமணர்கள் வளர்த்த ‘ஞான பண்டாரங்கள்’ இந்தியாவின் மிகச் சிறந்த சுவடிக் களஞ்சியங்களாயின. பாட்டன், ஜைசல்மேர், கம்பாத் ஆகிய ஊர்களில் அவை இன்றும் உள்ளன. கார்த்திகை மாதத்து ஞான பஞ்சமியன்று சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி வழிபடும் வழக்கமும் தொடர்கிறது. சமணத்தின் மற்றொரு பிரிவான திகம்பரத்தின் துறவி ஆடையைக்கூட வைத்திருப்பதில்லை. ஆனால் மயிற்பீலி, கமண்டலம் ஆகியவற்றோடு மறைநூலையும் வைத்துக்கொள்ள அவருக்கு இசைவு உண்டு. மயிற்பீலி உயிர் காக்கும் கருவி, கமண்டலம் தூய்மைக் கருவி, நூல் அறிவுக் கருவி. உடைமை என்ற சொல்லிலிருந்து கருவி என்ற சொல்லுக்கு நூல் இடம் மாறிவிட்டது. இது சட்ட நுணுக்கம் போலத் தோன்றினாலும் ஆழமான மாற்றம். பயன்படும் வரைதான் ஒன்று கருவி.

கிறித்தவத் துறவு மரபு இதே பாதையில் தானாகவே நடந்தது. எகிப்தியப் பாலைவனத் துறவியரைப் பற்றிய ஒரு கதையில், நற்செய்தி நூல் ஒன்றை மட்டுமே வைத்திருந்த துறவி அதையும் விற்றுப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று சொன்ன நூலையே விற்றுவிட்டேன் என்பது அவர் தந்த விளக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசிசியின் பிரான்சிஸ் இந்த எண்ணத்தை மீண்டும் எடுத்தார். சங்கீதப் புத்தகம் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட இளம் துறவியிடம், இன்று சங்கீதப் புத்தகம் கிடைத்தால் நாளை செபப் புத்தகம் கேட்பாய், அதுவும் கிடைத்தால் பெரிய குருவைப் போல நாற்காலியில் அமர்ந்து அதை எடுத்துவா என்று சகோதரனுக்குக் கட்டளையிடுவாய் என்றார் அவர். மாதக் கணக்கின் முதல் பட்டியல் ஏன் நீண்டுகொண்டே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது. ஒரு நூல் அடுத்த நூலுக்கான தேவையை உண்டாக்குகிறது. அடிக்குறிப்பில் வந்த பெயரைத் தேடி இன்னொன்றை வாங்கும் எந்த வாசகருக்கும் இது தெரிந்ததே.

ஆனால் பிரான்சிஸ் 1226இல் இறந்த பின், அவர் சபையினர் பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்பிக்கத் தொடங்கினார்கள். நூல் இல்லாமல் அது இயலாது. 1230இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி ஒரு வழி சொன்னார். சபையினருக்கு எதன்மேலும் உரிமை கிடையாது. நூல்களையும் பிற பொருள்களையும் அவர்கள் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். பின்னர் அந்த உரிமை திருச்சபைத் தலைமையிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளப்பட்டது. 1322இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இதை வெறும் புனைவு என்று கூறி நீக்கினார். நூலை வைத்துக்கொண்டே உரிமை இல்லை என்று சொல்வதில் பாசாங்கு நுழைய இடமுண்டு என்பது உண்மை. இருந்தாலும் உரிமை, பயன் என்ற பிரிப்பே பிழையென்று ஆகிவிடாது. இந்தப் பிரிப்புக்கு மேலும் பழைய, மேலும் நேர்மையான வடிவம் ஒன்று பெனடிக்ட் சபையில் இருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறைப்படி துறவி தனக்கென்று நூலோ எழுதுபலகையோ எழுத்தாணியோ வைத்திருக்கக் கூடாது. ஆனால் தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் தரப்படும். அதை முதலிலிருந்து வரிசையாக, முழுவதுமாகப் படிக்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் கேன்டர்பரிப் பேராயர் லான்ஃபிராங்க் வகுத்த விதிகள் இந்த வழக்கத்தை நுணுக்கமாக விவரிக்கின்றன. தவக்காலத்தின் முதல் திங்களன்று நூல்கள் அனைத்தும் அவைக்கூடத்தில் விரிப்பின் மேல் பரப்பப்படும். கடந்த ஆண்டு யார் எந்த நூலைப் பெற்றார் என்ற பட்டியல் வாசிக்கப்படும். தன் பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவரும் நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழுவதும் படிக்காதவர் தரையில் விழுந்து தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு அடுத்த ஆண்டுக்கான நூல்கள் வழங்கப்படும்.

ஓர் ஆண்டுக்கு ஒரு நூல் என்பது இன்றைய வாசகருக்கு மிகக் குறைவு. கையால் எழுதிய நூலுக்கும் உரக்கப் படித்து அசைபோடும் முறைக்கும் அது பொருந்தியது. இங்கே கவனிக்க வேண்டியது குற்றம் எங்கே வைக்கப்பட்டது என்பதே. நூலைப் பெற்றது குற்றமல்ல. பெற்றதைப் படிக்காமல் ஓராண்டு பிடித்துவைத்திருந்தது குற்றம். அந்த ஆண்டு முழுவதும் வேறொருவர் அதைப் படித்திருக்க முடியும். இரண்டு பட்டியல்களையும் சபை நடுவே வாசித்து ஒப்பிட்ட ஒரே மரபு இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது குற்றச்சாட்டு இன்னும் ஆழமானது. முதல் பட்டியலோடு நில்லாமல் அது இரண்டாவது பட்டியலையும் தொடுகிறது. படித்து முடித்த நூல்களே தளையாகலாம் என்கிறது. பதினான்காம் நூற்றாண்டு அத்வைதி வித்யாரண்யர் தம் ‘ஜீவன்முக்தி விவேக’த்தில் மனத்தைக் கட்டும் வாசனைகளை மூன்றாக வகுக்கிறார்: உலகின் மதிப்பை நாடுவது, உடலைப் பேணுவது, சாத்திரத்தில் மூழ்குவது. சாத்திர வாசனையை விளக்க அவர் எடுத்தாளும் கதைகளில் ஒன்று தைத்திரீய பிராமணத்திலுள்ள பரத்வாஜர் கதை. மூன்று வாழ்நாட்களை வேதம் ஓதுவதில் கழித்த பரத்வாஜரிடம், நான்காவது வாழ்நாள் தந்தால் என்ன செய்வாய் என்று இந்திரன் கேட்கிறான். மீண்டும் வேதமே ஓதுவேன் என்கிறார் அவர். இந்திரன் மூன்று மலைகளைக் காட்டி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி அள்ளி, வேதங்கள் முடிவற்றவை, நீ கற்றது இவ்வளவே என்கிறான்.

இன்னொரு கதை துர்வாசரைப் பற்றியது. சுமை சுமையாக நூல்களைத் தூக்கிக்கொண்டு சிவபெருமானின் அவைக்கு வருகிறார் அவர். பொதி சுமக்கும் கழுதை என்று நாரதர் சொல்ல, சினந்த துர்வாசர் எல்லா நூல்களையும் உப்புக் கடலில் எறிந்துவிடுகிறார். அதன் பிறகே சிவபெருமான் அவரைத் தன்னறிவில் செலுத்துகிறார். இந்த இரு கதைகளும் ஒன்றல்ல. பரத்வாஜரின் குறை ஒரே கல்வியை முடிவின்றி ஓதுவது. துர்வாசரின் குறை பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பது. மாதக் கணக்கு வைக்கும் வாசகர் துர்வாசர் பக்கத்துக்காரர்.

ஏறத்தாழ இதே கருத்தை இசுலாமிய மரபில் இமாம் கஸாலியின் வாழ்க்கையில் காணலாம். ஜுர்ஜானில் கற்றுத் தூஸ் நகருக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் அவருடைய பையைப் பறித்தனர். அதில் அவர் எழுதிய பாடக் குறிப்புகள் இருந்தன. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்புகளை மட்டும் கொடுங்கள் என்று பின்னால் ஓடியவரிடம் கொள்ளைத் தலைவன், பையைப் பறித்ததும் போய்விடுகிற அறிவு எப்படி உன் அறிவாகும் என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது வரலாறு. ஊர் திரும்பிய கஸாலி மூன்றாண்டுகள் அமர்ந்து குறிப்புகள் அனைத்தையும் மனப்பாடம் செய்தார். ஆனால் அதோடு கதை முடியவில்லை. பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் புகழின் உச்சியிலிருந்த அவர் 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார். சூஃபி நூல்களையெல்லாம் படித்த பின்பும் எஞ்சியிருந்த ஒன்றை நூலால் அடைய முடியாது, வாழ்ந்துதான் அடைய முடியும் என்று கண்டுகொண்டதாகத் தம் தன்வரலாற்று நூலில் அவர் எழுதுகிறார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். நூல் கையில் இருப்பது, நூல் நெஞ்சில் இருப்பது, நூல் சொன்னது வாழ்க்கையில் இருப்பது என்ற மூன்று படிகளையும் கடந்த ஒருவரின் சொல் இது. அதனாலேயே நூலை வெறுக்கும் பேச்சாக அது ஆகவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். படிப்பு தளை என்று சொன்ன வித்யாரண்யரும் கஸாலியும் எழுதிக் குவித்தவர்கள். ஜீவன்முக்தி விவேகமே மேற்கோள்களால் நெய்யப்பட்ட நூல். பரந்து படித்திராவிட்டால் பரந்த படிப்பின் எல்லையை அதன் ஆசிரியர் காட்டியிருக்க முடியாது. நம் சித்தர்களின் பாடல்கள் ஏட்டுக் கல்வியை இகழ்வதும் இன்று ஏட்டின் வழியாகவே நமக்குத் தெரிகிறது. இதை முரண்பாடு என்று ஒதுக்குவது அவசரம். படிப்பின் எல்லையைப் படிப்பே காட்டும். காட்டிய பின் வாசகர் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. இந்திரன் பரத்வாஜரை ஓத வேண்டாம் என்று தடுக்கவில்லை. அறிய வேண்டியது இது என்று சுட்டிக்காட்டிக் கற்பித்தான். மூன்று மலைகளின் முன் நின்ற அறிவாளிக்குத் தேவைப்பட்டது தேர்வு.

தேர்வு ஏன் தேவை என்பதைக் கணக்கு சொல்லும். மாதம் 4 நூல் படிப்பவர் ஆண்டுக்கு 48 படிப்பார். 50 ஆண்டுகள் விடாமல் படித்தால் 2,400. ஒரு சிறிய கிளை நூலகத்திலுள்ள நூல்களைக்கூட ஒரு வாழ்நாளில் படித்து முடிக்க முடியாது. எனவே படிக்காத நூல்கள் இல்லாத வீட்டை ஆர்வமுள்ள வாசகர் ஒருபோதும் அடையப் போவதில்லை. அதை ஒழுக்கக் குறையாகக் கருதுவது மனித வாழ்நாளின் குறுமையை ஒழுக்கக் குறையாகக் கருதுவதாகும். செனெக்கா சொல்வதுபோல் படிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்க வேண்டுமென்றால், எந்த நூல் எந்த வயதில் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். துயரம் வந்த பிறகு, பத்தாண்டுக்கு முன் வாங்கிவைத்த நூலை எடுத்துப் பிரிக்கும் வாசகர்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? வரலாறு இதற்கு இரண்டு எதிர்நிலைகளைக் காட்டுகிறது.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணப் பெண்மணி அத்திமப்பே, கவிஞர் பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுக்கச் செய்து வழங்கினார். உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நால்வகைத் தானங்களில் ஒன்றாகச் சமணம் எண்ணுகிறது. ஒரு நூலை ஆயிரம் முறை கையால் எழுதச் செய்து கொடுப்பது அந்தத் தானத்தின் சிகரம். லக்குண்டியில் 1007இல் அவர் எழுப்பிய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது.

அதே கன்னட நாட்டில் மூடபித்ரிச் சமண மடத்தில் திகம்பரரின் மூலநூலான சட்கண்டாகமத்தின் உரைச் சுவடிகள் இருந்தன. பல நூற்றாண்டுகள் அவை வழிபாட்டுப் பொருளாகவே இருந்தன. தொலைவிலிருந்து வந்தவர்கள் சுவடியைத் தரிசித்துவிட்டுத் திரும்பினார்கள், படிக்க இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் வேலை தொடங்கியது; ஹீராலால் ஜெயின் பதிப்பித்த முதல் தொகுதி 1939இல் வெளியானது. கழுவாய்க்கு அஞ்சி நூலைத் தொடாதிருந்த பழைய துறவியரைவிட, பக்தியால் நூலைப் பூட்டிவைத்தவர்களே அதற்குப் பெரிய தடையானார்கள். சரசுவதி பூசையன்று நம் வீடுகளில் நூல்களை அடுக்கிவைத்து வழிபடும்போது அன்று ஒருநாள் படிப்பதில்லை. மறுநாள் விசயதசமியன்று எடுத்துப் படித்தாக வேண்டும் என்பதும் அதே மரபின் கட்டளை. வழிபாடு ஒருநாளோடு நிற்பதில் பெரிய அறிவு இருக்கிறது.

இந்த இரண்டு நிலைகளையும் ஒரே வாழ்க்கையில் எதிர்கொண்டவர் டர்ஹாம் ஆயர் ரிச்சர்ட் டி பெரி. 1345 ஜனவரியில் அவர் முடித்த ‘பிலோபிப்லான்’ நூல்காதலின் வாக்குமூலம். தம் மீது பேராசை, வீண்பெருமை என்ற பழி சுமத்தப்படுவதை அதில் அவரே எடுத்துச் சொல்கிறார். அவர் தரும் பதில், ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கென்று எல்லாவற்றையும் விட்டுச்செல்வதே தம் நோக்கம் என்பது. எந்த நூலை எந்தப் பிணையின் பேரில் இரவல் கொடுப்பது என்ற விதிகளையும் எழுதிவைத்தார். எழுதி முடித்த சில மாதங்களில் இறந்தார். நூல் வாங்கும் ஆசைக்கு அவர் சொன்ன நியாயம் வலுவானது: வாங்குபவர் தமக்குப் பின் வரும் வாசகருக்காகவும் வாங்குகிறார். ஆனால் அந்த நியாயம் கொடுக்கும்போதுதான் நிறைவு பெறும்.

தமிழ்நாட்டில் அதற்குச் சான்றாக நிற்பவர் மறைமலையடிகள். 1911இல் துறவு பூண்ட அவர் அதன் பின்னும் நூல் வாங்குவதை நிறுத்தவில்லை. பல்லாவரத்து இல்லத்தில் அவர் சேர்த்தவை ஏறத்தாழ நாலாயிரம். பொருட்பற்றை விட்டவர் நூல்களை விடாதது முரண் என்று சொல்ல முடியாது. திகம்பரத் துறவியின் கையிலிருந்த அறிவுக் கருவியே அவரிடமும் இருந்தது. 1950இல் அவர் மறைந்த பின், 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயராலேயே அந்த நூல்கள் பொதுநூலகமாயின. நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்னும் கருத்துகளை விதிகளாக வகுத்து, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையில் நூலாக வெளியிட்டிருந்தார். பண்டாரங்களும் மடங்களும் ஆயிரம் ஆண்டுகள் திணறிய கேள்விக்கு நூலகவியல் தந்த விடை அது. படிக்கப்படாத நூல் தனக்குரிய வாசகரை இன்னும் அடையவில்லை என்பதே அதன் பொருள். அந்த வாசகர் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே மாத இறுதியில் இரண்டு பட்டியல்களையும் எடுத்துவைத்துப் பார்ப்பவர், நீண்டுபோன முதல் பட்டியலுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அதில் படிக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த நூல் எது, அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதை அவர் பார்க்க வேண்டும். அருகிலுள்ள கிளை நூலகம், பள்ளி நூலகம், பக்கத்து வீட்டு மாணவி என்று வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. லான்ஃபிராங்கின் துறவியர் ஓராண்டு தவணையில் செய்ததை இன்றைய வாசகர் தாமாக முன்வந்து செய்யலாம்: ஓராண்டு திறக்காத நூலைக் கொடுத்துவிடுங்கள்.